இரண்டாம் சரணமும் மீன் பணிசும்

இலங்கையின் இசை வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கும், எழுதப்போகும், எழுதுவதாகச் சொல்லிப் பல்கலைக்கழகத்தில் சம்பளத்தோடு விடுப்பு வாங்கியிருக்கும் அறிஞர் பெருமக்கள் அனைவருக்கும் பணிவோடு அறிவிப்பது: மொரட்டுவையில், கடலுக்குப் போகும் சந்தொன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, கலையானது பாண் வண்டியில் ஏறியது.

ஏறிய நேரத்தில் கலைஞர் டென்சில் அமரதுங்க தொலைபேசியில் இருந்தார்.

"எழுபதுகளுக்கு என்னை விட்டா வேற யாரு இருக்கா, கித்சிரி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கித்சிரி இசைநிகழ்ச்சி நடத்துபவர். கொழும்பின் பெரிய மண்டபத்தில் 'ஐம்பது ஆண்டு, ஐந்து குரல்' என்று ஒரு விழா வைத்திருந்தார். பத்தாண்டுக்கு ஒரு பாட்டு, அதைப் பாடியவரே வந்து பாடவேண்டும். அறுபதுகளில் எல்லோரும் கிட்டாரைக் கட்டிப்பிடித்துச் சிரித்தபடி பாடினார்கள். அதற்கு ஆள் கிடைத்துவிட்டார். எண்பதுகளின் கேசட் மன்னரும் தொண்ணூறுகளின் கீபோர்டு இளவரசரும் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு தயாராக இருந்தார்கள். புதிய நூற்றாண்டுக்கு ஒரு பையன் இருந்தான்; அவனுக்குக் குரல் தேவையில்லை, கறுப்புக் கண்ணாடி போதும். மிச்சம் எழுபதுகள்தான். எழுபதுகளில் நாடே விம்மியது. எல்லோரையும்விட நீளமாக விம்மியவர் டென்சில்.

'கலங்கரை விளக்கே, கண் மூடாதே' என்ற அந்தப் பாட்டு ஒருகாலத்தில் வானொலியில் போடாத நாளில்லை. அதற்குப் பிறகு டென்சில் இன்னும் பல பாட்டுகள் பாடினார். அவற்றை அவர் மட்டும் நினைவில் வைத்திருந்தார்.

"நீங்க இருக்கீங்க மாத்தையா, இல்லேங்கல," என்றார் கித்சிரி. "ஆனா கத்பர்ட் மென்டிசும் இருக்காரே."

"அவன் கல்யாண வீட்டுப் பாடகன். சாப்பாட்டுக்கு நடுவுல பைலான்னு ஆட்டப்பாட்டு பாடுறவன்."

"இன்னைக்கும் பாடுறாரு. அதான் யோசிக்கிறேன். உங்க பாட்டு இப்ப ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு ஏதாவது தெரிஞ்சா நல்லாருக்கும். நாளைக்குப் பேசட்டுமா?"

டென்சில் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் தெருவிலிருந்து அவருடைய குரல் அவருக்கே கேட்டது. கூடவே பணிஸ் வாசனையும் வந்தது.

மாலை ஐந்து மணிக்குப் பாண், பணிஸ் என்று ரொட்டி வகைகள் விற்க வரும் முச்சக்கர வண்டிகள் எல்லாம் கூரையில் ஒலிபெருக்கி கட்டி, என்றோ செத்துப்போன ஏதோ வெள்ளைக்காரரின் மெட்டைப் போட்டுக்கொண்டு போவதுதான் வழக்கம். அந்த மெட்டு காதில் விழுந்தால் கைக்குழந்தைகூடப் பணிசுக்குக் கை நீட்டும். இன்றைக்கு வண்டிக்காரன் பியல் மெட்டை மாற்றியிருந்தான்.

டென்சில் சாரத்தை இறுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"என்ன பியல் இது?"

"உங்க பாட்டு மாத்தையா. பெட்டா சந்தையில பழைய பாட்டு விக்கிறவன் கொடுத்தான்."

"கலங்கரை விளக்கு என்ன, பாணா? காதலிடா. காதலியோட கண்ணு. நிறுத்து."

பியல் நல்ல பையன். நிறுத்தினான். ஆனால் பழைய மெட்டை அவன் அழித்துவிட்டிருந்தான். அதனால் அடுத்த நாள் சத்தமில்லாமல் வந்தான், சத்தமில்லாமல் போனான். சந்தில் ஒருவருக்கும் பாண் கிடைக்கவில்லை.

"ராத்திரிக்கு என்ன சாப்பிடுறது?" என்று கேட்டாள் டென்சிலின் மனைவி ஐரின்.

"கலைக்கு ஒரு மரியாதை இருக்கு ஐரின்."

"இருக்கட்டும். அதுக்குப் பருப்புக்கறி தொட்டுக்கலாமா?"

எதிர்வீட்டு நோனா வேலிக்கு மேலாகக் கேட்டாள். மூலைவீட்டு ஓய்வுபெற்ற நீதிபதி எதிரிசூரிய ஆளனுப்பிக் கேட்டார். பாணைத் துரத்திய மனிதர் என்ற பெயரோடு மண்டபத்தில் மேடையேற முடியாது என்று டென்சிலுக்குப் பட்டது. மறுநாள் பிரதான வீதிக்கே போய்ப் பியலை மறித்தார்.

"போட்டுக்கோ. ஆனா ஒரு நிபந்தனை. பாட்டுக்கு முன்னாடி என் பேரைச் சொல்லணும். யாரோ பாடினதுன்னு ஜனங்க நினைச்சுடக்கூடாது."

"நானே பேசி ஏத்திடுறேன் மாத்தையா," என்றான் பியல்.

ஏற்றினான். 'வழங்குபவர் டென்சில் அமரதுங்க மாத்தையா' என்று தொடங்கி, விலை விவரத்தையும் சேர்த்துக்கொண்டான்; அதன்பிறகு பாட்டு வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் ஓர் அம்மாள் நின்றாள். கையில் பாதி கடித்த மீன் பணிஸ்.

"அங்கிள், இதுல மீன் எங்க?"

"நான் பாடகன்மா."

"அதெல்லாம் சரி. மீன் எங்க?"

அவளுக்குப் பின்னால் ஒரு தகப்பன், மகளின் பிறந்தநாளுக்கு முயல் வடிவத்தில் கேக் முடியுமா என்று கேட்டார். முடியாது என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "பேர் வந்துட்டா இப்படித்தான்," என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டும் போனார்.

டென்சில் உள்ளே வந்து உட்கார்ந்தார். "என்னைப் பேக்கரிக்காரன்னு நினைக்கிறாங்க ஐரின்."

"முன்னாடி ஒண்ணுமே நினைக்கல. இது தேவலையே."

"இதுக்குக் காரணம் என்னன்னு தெரியுதா? அவன் பல்லவியோட வெட்டிடுறான். ரெண்டு வரியைக் கேட்டா விளம்பரம் மாதிரிதான் இருக்கும். முழுப்பாட்டையும் போட்டா கலைன்னு புரியும். குறிப்பா ரெண்டாம் சரணம்."

ஐரின் காய் நறுக்கும் கத்தியைக் கீழே வைத்தாள். "அந்த விம்மலா?"

"அந்த விம்மல்தான்."

இரண்டாம் சரணத்தில் கப்பல் கவிழ்கிறது. காதலன் தண்ணீருக்குள்ளிருந்து பாடுகிறான். 'மூடாதே' என்ற சொல்லின் கடைசியில் ஒரு விம்மல் ஏறி, இறங்கி, முடிந்துவிட்டது என்று நாம் மூச்சு விடும்போது மறுபடியும் ஏறும். ஒலிப்பதிவன்று தபேலாக்காரர் நடுவில் எழுந்துபோய் வெற்றிலை போட்டுவிட்டு வந்ததாக டென்சில் பெருமையோடு சொல்வதுண்டு.

பியல் தயங்கினான். "முழுசாவா மாத்தையா? ஒரு வீட்டு வாசல்ல அவ்வளவு நேரம் நிக்கணுமே."

"நில்லு. கலை நிக்கச் சொல்லுது."

நின்றான். அன்றைக்கு நடந்ததை டென்சில் ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து தன் கண்ணாலேயே பார்த்தார். பல்லவியில் ஒன்றிரண்டு பேர்தான் வந்தார்கள். முதல் சரணத்தில் இன்னும் சிலர். இரண்டாம் சரணத்தின் கப்பல் கவிழ்ந்து, விம்மல் முதல் தடவை ஏறியதும் சந்தின் கதவுகள் எல்லாம் திறந்தன. எதிர்வீட்டு நோனா தலையில் எண்ணெய் வழிய ஓடிவந்தாள். ஒரு மாணவன் பாடப்புத்தகத்தோடு வந்தான். எதற்கும் வீட்டைவிட்டு இறங்காத நீதிபதி எதிரிசூரிய, முகத்தில் பாதி சவர நுரையோடு வந்தார். வண்டியருகே நின்று கைத்தடியை ஒலிபெருக்கியை நோக்கி நீட்டி நீட்டி ஆட்டினார். தாளம் போடுகிறார் என்று டென்சிலுக்கு உடனே புரிந்தது.

எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் ஐரின். டென்சிலின் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் என் பாட்டுக்கு நீ ஓடுறே," என்றார், அவள் திரும்பி வந்ததும்.

"ஓடாம என்ன பண்றது," என்றாள் ஐரின், மூச்சு வாங்கிக்கொண்டு.

பியலின் கண்ணாடிப் பெட்டி காலியாகிவிட்டது. அன்றிரவே அவன் பேக்கரியில் இன்னொரு தட்டு கூடுதலாகக் கேட்டிருப்பதாகச் செய்தி வந்தது. டென்சில் கித்சிரியைக் கூப்பிட்டார்.

"நான் கத்பர்ட்டுக்குக் கிட்டத்தட்ட வாக்குக் கொடுத்துட்டேன் மாத்தையா," என்றார் கித்சிரி. குரலில் சங்கடம் இருந்தது. "சுவரொட்டி அடிக்கக் கொடுக்கணும்."

"ஞாபகம் இருக்கான்னு கேட்டீங்க இல்ல? நாளைக்கு அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வாங்க. கண்ணால பாருங்க. பாத்த பிறகும் கத்பர்ட்டுன்னா, நான் பாட்டையே விட்டுடுறேன்."

கித்சிரி வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, கழுத்தில் மெலிந்த சங்கிலி. டென்சில் இந்த நாளுக்காக ஒலிபெருக்கியின் வாயை வீடுகளின் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லியிருந்தார். ஒலியையும் முழுக்கத் திறக்கச் சொல்லியிருந்தார். பெட்டியிலிருந்த மேல்நாட்டு பட்டன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பட்டன் பூட்டவில்லை, வயிறு சம்மதிக்கவில்லை.

வண்டி வந்தது. பல்லவி. முதல் சரணம். டென்சில் விரலை உயர்த்தினார். "இப்ப பாருங்க."

கப்பல் கவிழ்ந்தது. விம்மல் ஏறியது. சந்து முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. நேற்று வராதவர்களும் வந்தார்கள். மாடிவீட்டுக் கிழவர் ஒருவரை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்தார்கள். அவர் படுக்கையைவிட்டு எழுந்ததே சந்தில் ஒரு செய்தியாயிற்று. நீதிபதி இன்றைக்குக் கைத்தடியோடு நிற்கவில்லை, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி ஆட்டினார். பியல் பாணை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

கித்சிரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். இசைநிகழ்ச்சி நடத்தும் தொழிலில் கூட்டத்தைப் பார்த்தால் அழுகை வருவது வழக்கம்; அவருக்கும் வந்தது.

"மாத்தையா," என்றார் கடைசியில். "பணம் வாங்காம இப்படி ஓடிவர்ற கூட்டத்த நான் பாத்ததே இல்ல. இதுல தாளம் வேற போடுறாங்க."

"நீதிபதி அவரு. சும்மா யாருக்கும் போடமாட்டாரு."

"எழுபதுகள் உங்களுதுதான். கத்பர்ட்டுக்கு நான் சொல்லிக்கிறேன்."

டென்சில் கண்ணை மூடினார். மேடையும் விளக்கும் தெரிந்தன. முன்வரிசையில் கத்பர்ட் மென்டிஸ் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. "ரெண்டாம் சரணத்த மேடையில இன்னும் கொஞ்சம் நீட்டலாம்னு இருக்கேன்," என்றார்.

"நீட்டுங்க. தாராளமா நீட்டுங்க."

கித்சிரியை வழியனுப்ப இருவரும் வாசலுக்கு வந்தார்கள். கூட்டம் கலைந்திருந்தது. பியல் வெறும் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மிஞ்சிய ஒரேயொரு மீன் பணிசைக் கித்சிரி வாங்கிக் கடித்தார்.

"நல்ல கலைரசனை தம்பி உனக்கு," என்றார் மென்றபடி. "ஆனா ஒண்ணு கேக்கணும். கத்பர்ட் மென்டிஸ் பாட்டையும் ஒருநாள் போட்டுப் பாத்திருக்கலாமே?"

"முதல்ல அதத்தான் அடுத்த சந்துல போட்டேன் மாத்தையா," என்றான் பியல். "எல்லாரும் வீட்டுக்குள்ளயே உக்காந்து கடைசிவரைக்கும் கேக்குறாங்க, ஒரு பாண் போகல, இவர் பாட்டுன்னாதான் நிறுத்தச் சொல்லி வெளியில வர்றாங்க."