வெள்ளவத்தை விவசாயி

தன் பேச்சை இந்த உலகத்தில் ஒரு சீவனாவது கடைசிவரை கேட்டே தீரவேணும் என்று நாகேந்திரம் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எடுத்த இடம், நுகேகொடையில் அவர் வேலை செய்யும் கந்தோர். எடுக்க வைத்தவ மனேஜர் சாமினி.

அந்தக் கந்தோரின் வேலை இதுதான். தினமும் காலமை ஆறு மணிக்குப் பெயர் பதிந்த விவசாயிகளின் போன் அடிக்கும். எடுத்தால் மழை, பூச்சி, சந்தை விலை எல்லாம் குரலில் வரும். தமிழில் எழுதுவதும் நாகேந்திரம், வாசித்துப் பதிவதும் நாகேந்திரம்.

“பதினெட்டாயிரம் பேர் பதிஞ்சிருக்கினம், அண்ணை. கடைசிவரை கேட்டது எத்தினை பேர் தெரியுமோ? பதினொரு பேர்!”

“பதினொரு பேராவது கேட்டிருக்கினம்தானே, மிஸ்.”

“அதிலை மூண்டு பேர் போனை வயல் வரம்பிலை வைச்சிட்டு மறந்துபோனவை. இந்த மாதத்துக்குள்ளை கேக்கிற ஆக்கள் கூடாட்டித் தமிழ்ப் பகுதியை மூடச் சொல்லி மேலிடம் சொல்லிப்போட்டுது.”

நாகேந்திரத்துக்குக் காரணம் விளங்கவில்லை. என்ன குறை வைத்தார் மனுசன்? ‘பேரன்புக்கும் பெருமதிப்புக்குமுரிய வேளாண் பெருங்குடி மக்களே’ என்றுதான் தொடங்குவார். அவர் மூச்சு எடுத்து வணக்கம் சொல்வதற்குள் சனம் வெட்டிவிடுகிறது.

வீட்டிலும் இதே சீர்தான். வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடி ஃபிளட். மனைவி நேசமலர் மொட்டைமாடியில் பழைய பெயின்ற் வாளிகளில் பதினாலு கறிமிளகாய்க் கன்று வளர்க்கிறா. பிள்ளைக்குப் பார்க்காத பக்குவம் அதுகளுக்கு. இப்போது இலையெல்லாம் சுருண்டு கிடந்தது. வேப்பெண்ணெய் அடியுமப்பா என்று நாகேந்திரம் மூன்று தரம் சொல்லியாயிற்று.

“நீங்கள் சும்மா இருங்கோ. மண்ணைத் தொட்ட கையே அது?”

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. மனுசன் சொல்லிக் கேளாதவ போன் சொன்னால் கேட்பாவோ? அடுத்த நாளே அவவின் நம்பரைக் களவாக விவசாயி என்று பதிந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆள் அடையாளம் தெரியாத குரலில், அவவுக்கென்று தனியாக ஒரு செய்தியும் பதிந்தார்.

காலமை ஆறு மணி. போன் அடித்தது. நேசமலர் காதில் வைத்தா. ஒரு நிமிசம், இரண்டு, மூன்று, நாலு. வெட்டவேயில்லை! அன்று பின்னேரமே மாடியில் வேப்பெண்ணெய் மணத்தது.

இத்தோடு நிற்பாட்டியிருந்தால் அவர் நாகேந்திரம் இல்லையே. மறுநாள் செய்தியில் இப்படிச் சேர்த்தார்: ‘மிளகாய்ச் செய்கையாளர்கள் மாலை வேளையில் கணவருக்கு உழுந்து வடை சுட்டு வழங்கின், இல்லத்தில் அமைதி நிலவி விளைச்சல் பெருகும்.’

மாலையில் வடை வந்தது. சுடச்சுட, சம்பலோடு! நாகேந்திரம் ஆறு வடை சாப்பிட்டார். அவ ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பார்த்தாவது மனுசன் பயந்திருக்க வேண்டாமோ?

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை கந்தோரில் சாமினி எல்லாரையும் கூப்பிட்டா. செய்தி முடிய ஒன்றாம் இலக்கத்தை அழுத்தினால் விவசாயிகள் சந்தேகம் கேட்கலாம். இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இன்றைக்குத்தான் முதலாவது கேள்வி வந்திருக்கிறதாம். ஸ்பீக்கரில் போட்டா.

“இஞ்சாருங்கோ...”

நாகேந்திரம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். ஏன் எழும்பினார் என்று அவருக்கே தெரியாது.

“நான் வெள்ளவத்தையிலையிருந்து கதைக்கிறன். மிளகாய்க்கு வேப்பெண்ணெய் அடிச்சனான், நல்ல சுகம். ஆனால் வீட்டிலை அம்பத்தினாலு வயசிலை இன்னுமொண்டு நிக்குது. வெயில் படாது. கதிரையை விட்டு அசையாது. தேத்தண்ணி ஊத்தினால் மட்டும் நிமிருது. வடை போட்டும் பாத்தன், வயிறுதான் விளையுது. இதுக்கு என்ன பசளை போடலாம்?”

கந்தோர் விழுந்து விழுந்து சிரித்தது. சாமினி மட்டும் சிரிக்கவில்லை.

“அண்ணை, நீங்கள் ஏன் எழும்பினீங்கள்?”

“அது... வீட்டிலை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டா, மிஸ். ‘இஞ்சாருங்கோ’ எண்டுதான் கூப்பிடுவா. கேட்டால் கால் தானாய் எழும்பும்.”

“திலக்ஷன் அண்ணை, நீங்களும் எழும்பினீங்களே?”

கணக்குப் பகுதித் திலக்ஷனும் ஃபைலைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவரும் கலியாணம் கட்டினவர்.

இப்படிக் கூப்பிட்டால்தான் சனம் கேட்கும் என்று சாமினிக்கு விளங்கிவிட்டது. அடுத்த கிழமையே நேசமலர் சாப்பாட்டு மேசையிலிருந்து செய்தி பதியத் தொடங்கினா. நாகேந்திரம் எழுதிக் கொடுத்த நாலு பக்கத்தைப் பார்த்தா.

“என்னப்பா இது, வாழ்த்துப் பத்திரமே?” என்று தள்ளி வைத்தா. பிறகு போனைப் பிடித்தா. “இஞ்சாருங்கோ, நாளைக்கு மழை. காயப்போட்ட வெங்காயத்தை அள்ளி உள்ளுக்கை வையுங்கோ.” அவ்வளவுதான்.

பதினொரு பேர், பதினோராயிரம் பேர் ஆனார்கள். தமிழ்ப் பகுதி தப்பியது. கேள்விகள் வந்து குவிந்தன. ஒருநாள் வந்ததில் கேள்வியே இல்லை. கிளிநொச்சிப் பக்கத்து வயதான குரல் ஒன்று சொன்னது: “பிள்ளை, என்ரை மனிசி போய் மூண்டு வருசம். காலமையிலை ஒராள் இப்பிடிக் கூப்பிட்டு எவ்வளவு காலம். மழை இல்லாட்டியும் கூப்பிடுங்கோ.”

வீட்டில் அதைக் கேட்டு நேசமலர் அழுதுவிட்டா. நாகேந்திரம் பேப்பரைக் கொஞ்சம் இறக்கினார்.

“உண்மையைச் சொல்லும். அந்தச் செய்தி நான்தான் எண்டு எப்ப தெரியும்?”

“முதல் நாளே தெரியும். இருபத்தாறு வருசம் குறட்டை கேட்டவளுக்கு மூக்கைப் பொத்தினால் தெரியாதே?”

“அப்ப ஏன் கடைசிமட்டும் கேட்டனீர்?”

“வீட்டிலை பேப்பருக்குப் பின்னாலையிருந்து ரெண்டு சொல்லுத்தான். போனிலை எண்டால் என்னோடை மட்டும் நாலு நிமிசம் கதைச்சனீங்கள். ஆசையாய் இருந்துது.”

நாகேந்திரம் பேப்பரை மடித்து வைத்தார். அன்று பின்னேரம் முழுக்கக் கதைத்தார். இனி இந்த வீட்டில் போன் தேவையில்லை என்று பெருமையாக நினைத்துக்கொண்டு படுத்தார்.

காலமை ஆறு மணிக்கு அவருடைய போன் அடித்தது.

“இஞ்சாருங்கோ. இது வெள்ளவத்தை விவசாயி நாகேந்திரத்துக்கு மட்டும். மாடியிலை பதினாலு வாளிக்கும் தண்ணி விடுங்கோ. தேத்தண்ணி அதுக்குப் பிறகு.”

வெட்டிவிடுவோம் என்று நினைத்தார். நினைக்கும்போதே வாளியோடு மாடிப்படியில் பாதித்தூரம் ஏறியிருந்தார்.