பச்சைத்தண்ணீர் மரபுக் குடும்பம்

அலுவலகக் குடியிருப்புகளில் ஹீட்டர் பழுதாவது உலக நியதி. எங்கள் ரெக்கார்ட் கிளார்க் வீட்டு ஹீட்டரும் நியதிப்படி பழுதாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. மனைவிக்கு மூட்டுவலி. மாதம் ஒரு மனு போட்டார். போட்ட மனுவெல்லாம் அவர் மேஜைக்கே திரும்பி வரும். அவரே கோப்பில் கட்டி வைப்பார்.

அப்போதுதான் இயக்குநர் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் முடித்து, சளியோடும் ஞானத்தோடும் திரும்பினார்.

"பனி நாட்டுல உறைஞ்ச ஏரியை உடைச்சு உள்ள இறங்குறாங்கய்யா! இன்னொரு நாட்டுல அருவிக்கு அடியில நடுங்கிக்கிட்டே தியானம். நம்மகிட்ட அப்படி ஏதாவது மரபு இருக்கா?"

கிளார்க் எழுந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தார்.

"எங்க வீட்ல பதினோரு வருஷமா பச்சைத்தண்ணிதான் சார். அந்த ஹீட்டரை மட்டும்..."

"பதினோரு வருஷமா!" இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே ஆணை வந்தது. மேற்படி குடும்பம் 'பச்சைத்தண்ணீர் மரபுக் குடும்பம்' என அங்கீகரிக்கப்படுகிறது. மரபுக்குப் பங்கம் நேராவண்ணம் மேற்படி ஹீட்டரைப் பழுதுபார்ப்பது நிரந்தரமாகத் தடை செய்யப்படுகிறது. இயக்குநர் எல்லோர் முன்னாலும் கிளார்க்குக்குக் கை கொடுத்தார். அதற்குப் பிறகு கிளார்க் மனு போடவில்லை.

குளியலறையில் பலகை மாட்டினார்கள். பார்வையாளர் நேரம் காலை ஆறு முதல் பத்து வரை. ஆராய்ச்சிக்கு வந்தவர் கிளார்க்கின் மனைவியிடம் கேட்டார்:

"முதல் சொம்பு ஊத்துறப்போ என்னம்மா தோணும்?"

"யார் கழுத்தையாவது நெரிக்கணும்னு தோணும்."

'மூச்சில் மாற்றம்' என்று அவர் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் எதிர்வீட்டு டைப்பிஸ்ட் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் ஹீட்டரைச் சுத்தியலால் உடைத்துவிட்டு அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்தார். பிறகு குடியிருப்பு முழுக்கச் சுத்தியல் சத்தம்தான். மரபு இல்லாத வீட்டில் யார் சம்பந்தம் பேசுவார்கள்?

கிளார்க்கின் மனைவியால் தாங்க முடியவில்லை. பார்வையாளர் வருமுன் கதவைச் சாத்திக்கொண்டு, தினமும் அடுப்பில் குண்டானை ஏற்றினார். ஐந்தாம் நாள் கதவு தட்டப்பட்டது. பதினோரு வருஷமாக எட்டிப் பார்க்காத பராமரிப்புப் பொறியாளர் ஏழு பேரோடு நின்றார்.

"இங்க வெந்நீர் காயுதுன்னு புகார்மா."

"எவன் குடுத்தான்?"

"குடியிருப்பே கையெழுத்து போட்டிருக்கு. போடாதது நீங்க ஒருத்தர்தான்."

மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தார். குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மனைவி துணியைச் சுற்றி அதை இறக்கினார். கிளார்க் பொறியாளரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.