தானியங்கிக்கு ஒரு பொறுப்பாளர்

பொறுப்பானவர்கள் வேறு, பொறுப்பாளர்கள் வேறு. பொறுப்பானவர் வேலையைச் செய்துவிட்டுப் போய்விடுவார். அவர் செய்தார் என்பதே நமக்குத் தெரியாது. பொறுப்பாளர் அப்படியல்ல. அவர் வந்தால் தெரியும். வராவிட்டால் இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அன்றைக்கு எந்தப் பூட்டும் திறக்காது. இடுப்பில் சாவிக்கொத்து, சட்டைப் பையில் இரண்டு நிறப் பேனா, கக்கத்தில் பதிவேடு, வாயில் "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்கிற ஒற்றை வாக்கியம். இத்தனையும் சேர்ந்து எதிரே நடந்து வந்தால், வாசகரே, ஒதுங்கி வழிவிடுங்கள். இல்லாவிட்டால் எதிலாவது கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டைமாடிச் சாவி இவரிடம்தான் இருக்கும். அலுவலகத்தில் ஜெராக்ஸ் மெஷினுக்கான காகிதம் இவர் பீரோவிலிருந்துதான் வரவேண்டும். சுற்றுலா போகிற பஸ்ஸில் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, தண்ணீர் பாட்டில் பெட்டியின் மேல் உட்கார்ந்து கொண்டு வருகிறாரே ஒருவர், அவரேதான். "யாராவது ஒருத்தர் பாத்துக்கணும் இல்லையா?" என்பது இவருடைய மந்திரம். அந்த யாராவது ஒருத்தர் யார் என்பதில் இவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

இவ்வளவு நுணுக்கமாக எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் காலையில் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். எங்கள் பள்ளி வராந்தாவில் தின்பண்ட மெஷின் ஒன்று உண்டு. முகப்பில் கண்ணாடி, உள்ளே தட்டுத் தட்டாகச் சுருள் கம்பிகள், காசைப் போட்டு எண்ணை அழுத்தினால் கம்பி ஒரு சுற்றுச் சுற்றி, பிஸ்கட்டையோ பன்னையோ பால் பாக்கெட்டையோ கீழே தள்ளும். முதலில் ஒரு வெளிக் கம்பெனி அதை நடத்திவந்தது. கம்பெனி ஆள் வாரத்துக்கு இரண்டு முறை வருவார், யாரிடமும் பேசமாட்டார், கால் மணி நேரத்தில் சரக்கை நிரப்பிவிட்டுப் போய்விடுவார். மெஷின் ஓடியது. பிள்ளைகள் தின்றார்கள். ஒரு குறையும் இல்லை. ஒரு பொறுப்பாளனுக்கு இதைவிடப் பெரிய குறை வேறென்ன வேண்டும்?

ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்றேன். "நம்ம ஸ்கூல், நம்ம பிள்ளைங்க. நடுவுல வெளியாள் எதுக்கு மேடம்? அவங்க வைக்கிறது பூரா சர்க்கரை. நாமளே நடத்தினா நல்லதா நாலு பொருள் வைக்கலாம்." நாமளே என்று சொன்னேனே தவிர, அந்தப் பன்மைக்குள் நான் ஒருவன்தான் இருந்தேன்.

தலைமையாசிரியை தலையாட்டினார். "சரி சார். இந்தப் பருவம் முடியற வரைக்கும் சாவி உங்ககிட்ட. ஆனா ஒண்ணு. முதல் பஸ் பிள்ளைங்களுக்காகத்தான் இதை வெச்சோம். அதுங்க இருட்டோட வீட்டை விட்டுக் கிளம்புதுங்க, ஒண்ணும் சாப்பிடாம வருதுங்க. வகுப்புல பசியோட உக்காரக் கூடாது. அது நடக்குதான்னு கடைசியில பாப்பேன். இல்லேன்னா கம்பெனியைத் திரும்பக் கூப்பிட்டுருவேன்."

கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பும் என்னுடையதுதான் என்று சொல்லவும் வேண்டுமா? "சாவி உங்ககிட்ட" என்பது வரை எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, கீழே இரண்டு கோடு போட்டேன்.

எங்கள் தமிழாசிரியர் மெஷினின் நெற்றியில் 'தானியங்கி' என்று எழுதி ஒட்டினார். தானாக இயங்குவது என்று பொருளாம். எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போயிற்று. அதில் 'தான்' இருக்கிறதே! ஒரே மாதத்தில் அந்தத் 'தான்' நான் என்றாகிவிட்டது. பிள்ளைகள் எனக்கு 'மெஷின் சார்' என்று பெயர் வைத்தார்கள். கேலிதான். ஆனாலும் கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது.

முதல் வேலையாக மேல் தட்டில் வாழைப்பழம் வைத்தேன். ஐந்தடி உயரத்திலிருந்து விழுகிற பழம் என்ன கதிக்கு ஆளாகும் என்பது ஓர் இயற்பியல் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. மூன்று நாள் பள்ளியெங்கும் வாழைப்பழக் கூழ். பிறகு அதையே பதினோராம் வகுப்புக்கு ஒரு கணக்காகப் போட்டுச் சமாளித்தேன்.

அடுத்து அறிவிப்புகள். வரிசையில் நிற்கவும் என்று ஒன்று, மெஷினை உதைக்காதீர் என்று ஒன்று, எண்ணை அழுத்துமுன் யோசிக்கவும் என்று ஒன்று, யோசித்துக்கொண்டே நின்று பின்னால் இருப்பவரைக் காக்க வைக்காதீர் என்று ஒன்று, பொருள் கம்பியில் சிக்கினால் பொறுப்பாளரை அணுகவும் என்று ஒன்று, பொறுப்பாளர் வகுப்பில் இருந்தால் வகுப்பு முடியும்வரை காத்திருக்கவும் என்று ஒன்று, இவை போதாதென்று சிவப்பு மையில் பதினொரு விதிகள் கொண்ட பட்டியல் ஒன்று என நாளொரு காகிதமாக ஒட்டிக்கொண்டே போனதில், கண்ணாடி மறைந்துவிட்டது. "சார், உள்ள என்ன இருக்குன்னே தெரியலையே" என்றான் ஒரு மாணவன். நியாயமான கேள்வி. உள்ளே இருக்கும் பொருள்களின் பட்டியலைத் தட்டச்சு செய்து ஒட்டினேன். மிச்சமிருந்த கண்ணாடியும் போயிற்று.

புகார்ப் பெட்டியும் வைத்தேன். அதற்கும் பூட்டு, சாவி என்னிடம். மாதம் பிறந்ததும் சாட்சிக்கு இருவரை அழைத்துத் திறப்பேன். எப்போதும் காலி. ஒரு புகார் கூட இல்லாத திட்டம் இந்த உலகத்தில் எத்தனை இருக்கும், சொல்லுங்கள்!

எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒன்று செய்தேன். நான் இல்லாத நேரத்தில் மெஷின் எதற்கு ஓட வேண்டும்? யாராவது கண்டதை அழுத்தி எதையாவது கெடுத்துவைத்தால்? சுவரில் இருந்த சுவிட்சுக்கு ஒரு மரப்பெட்டி செய்து பூட்டுப் போட்டேன். மாலை போகும்போது அணைப்பேன். காலை ஒன்பதுக்கு வந்து போடுவேன். இரவெல்லாம் குளிர் இல்லாமல் பால் கெட்டது. பால்தான் கெட்டதே தவிர என் முறை கெடவில்லை. பாலை எடுத்துவிட்டேன்.

வீட்டில் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். உண்மையிலேயே பொறுப்பான வேலை பார்ப்பவள் என்பதால் என்னுடைய பொறுப்பின்மேல் அவளுக்கு அவ்வளவாக மரியாதை இல்லை.

"வீட்ல பிரிட்ஜைத் திறந்தா மூடத் தெரியாது. அங்க போய் ஒரு பிஸ்கட் டப்பாவுக்கு மூணு பூட்டு. நீங்க இல்லாத நேரத்துல அது எப்படி இருக்குன்னு என்னைக்காவது போய்ப் பாத்திருக்கீங்களா?"

"நான் போய்ப் பாத்தா நான் இருக்கற நேரமாயிடுமே!"

தர்க்கத்தில் என்னை யாரும் வெல்ல முடியாது. அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பருவத்தின் கடைசி வாரம் வந்தது. தலைமையாசிரியைக்குக் கொடுக்க இருபத்திரண்டு பக்க அறிக்கை தயார். நாலு வண்ணத்தில் வரைபடங்கள். கொடுக்க வேண்டிய அன்று பார்த்து என் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கிடந்தது. மனைவிக்குக் காலை ஷிப்ட். போகிற வழியில் என்னைப் பள்ளியின் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போனாள். ஏழே முக்காலுக்குப் பள்ளியில் இறங்கினேன். ஒன்றேகால் மணி நேரம் கூடுதல் சேவை, இதையும் அறிக்கையில் சேர்க்கலாமா என்று யோசித்தபடி வராந்தாவுக்கு வந்தேன்.

மெஷினுக்கு எதிரே தரையில் பதினைந்து பிள்ளைகள், எல்லாம் சின்ன வகுப்பு, புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். சத்தமே இல்லை. பதினைந்து பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

மூன்றாம் வகுப்பு இருக்கும், ஒரு சிறுமி என்னைப் பார்த்துச் சொன்னாள். "அங்க நின்னு பிரயோஜனம் இல்ல சார். அது இப்பத் தூங்குது."

"தூங்குதா?"

"ஆமா. மெஷின் சார் ஒம்போது மணிக்கு வந்துதான் எழுப்புவாரு. அப்ப எங்களுக்கு கிளாஸ் ஆரம்பிச்சிடும். நீங்க ஸ்கூலுக்குப் புதுசா சார்?"

"இடைவேளையில வந்து வாங்கிக்கலாமே?"

"சின்ன கிளாஸ் இடைவேளையில இந்தப் பக்கம் வரக் கூடாது. ரூல் நாலு."

"யார் போட்ட ரூல் அது?" என்று கேட்டு முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "சார், மெஷின் சாருக்கு முதல் பஸ் பிள்ளைங்கன்னா பிடிக்காதா?"

அந்த நிமிஷம் நான் பட்ட வெட்கத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

கேட்டிலிருந்து வாட்ச்மேன் வந்தார். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பிஸ்கட் பொட்டலம். பதினைந்தாகப் பிரித்தால் ஆளுக்கு ஒன்று தேறும். என்னைப் பார்த்ததும் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். வெளித் தின்பண்டம் கூடாது என்பது விதி ஏழு.

"எத்தனை நாளா இப்படி?" என்றேன்.

"நீங்க சுவிட்சைப் பூட்டினதுல இருந்துதான் சார்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன் சார். எழுதிக் குடுன்னீங்க. எழுதிக்கிட்டு வந்தேன். பெட்டியில போடுன்னீங்க." தலையைச் சொறிந்தார். "பெட்டியில போட வாய் இல்லையே சார்."

போய்ப் பார்த்தேன். புகார்களை இங்கே போடவும் என்று நான் ஒட்டியிருந்த காகிதம், பெட்டியின் வாயை ஒரு ஓட்டை ஒடிசல் இல்லாமல் மூடியிருந்தது.

மரப்பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். மெஷின் முனகிக்கொண்டு விழித்தது. பதினைந்து பேரும் எழுந்துவிட்டார்கள். உள்ளே இருப்பது தெரியாமல் எந்த எண்ணை அழுத்துவது என்று முழித்தார்கள். காகிதங்களை நகத்தால் சுரண்டிக் கிழிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் நான்தான் மெஷின் சார் என்று அந்தச் சிறுமிக்குப் புரிந்தது போலும், ஓரடி பின்வாங்கினாள். பிறகு அவளும் கைகொடுத்தாள். உயரம் எட்டியவரை எல்லோரும் சேர்ந்து கிழித்தார்கள். விதி நான்கைக் கிழித்தது அவள்தான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பத்து மணிக்குத் தலைமையாசிரியையிடம் போனேன். அறிக்கையைக் கொடுக்கவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு எழுதின கூட்டக் குறிப்பை எடுங்க சார். படிங்க."

படித்தேன். சாவி உங்ககிட்ட என்பதோடு நின்றது.

"அடுத்து நான் ஒண்ணு சொன்னேனே?"

"எழுதலை மேடம்."

"இப்ப எழுதுங்க."

அந்த இரண்டு கோட்டுக்குக் கீழே, பிள்ளைகள் பசியோடு உட்காரக் கூடாது என்று எழுதினேன். மாணவர்களை நூறு தடவை இம்போசிஷன் எழுத வைத்தவன் நான். ஒரே ஒரு தடவை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தலைமையாசிரியை கம்பெனியைத் திரும்ப அழைக்கவில்லை. பள்ளியே நடத்தட்டும் என்றார். பொறுப்பாளர் மட்டும் வேண்டாம் என்றார். மரப்பெட்டி போயிற்று. சாவி வாட்ச்மேன் அறையில் ஓர் ஆணியில் தொங்குகிறது. வாரத்துக்கு இரண்டு முறை யாருக்கு நேரமிருக்கிறதோ அவர்கள் நிரப்புகிறார்கள். பால் திரும்ப வந்துவிட்டது. முதல் பஸ் பிள்ளைகள் காலையில் வராந்தாவில் போடுகிற கூச்சல் தாங்க முடியவில்லை என்று எதிர் அறை ஆசிரியை குறைபட்டுக்கொள்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. சத்தியமாக. ஆனால் நான் இல்லாமல் அது இவ்வளவு நன்றாக ஓட வேண்டுமா? ஒருநாளாவது கம்பி சிக்கக் கூடாதா, யாராவது ஓடிவந்து "மெஷின் சார், கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடக் கூடாதா?

திருந்திவிட்டேனா என்கிறீர்களா? போன வாரக் கூட்டத்தில் குடிநீர் வடிகட்டியை யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கை மட்டும் பாதிவரை எழும்பிவிட்டது. நல்லவேளையாகக் காது அரித்த மாதிரி சொறிந்து சமாளித்தேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது என்று உங்களுக்கும் ஓர் இடம் இருக்குமே, வீடோ, கடையோ, அலுவலகமோ. யாரிடமும் சொல்லாமல் அங்கே ஒருநாள் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நின்று பாருங்கள். யாராவது சுவரோரமாக உங்களுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அல்லது யாருமே காத்திருக்காமல் எல்லாம் அது பாட்டுக்கு ஒழுங்காக நடந்துகொண்டிருக்கலாம். அதைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். மனசுக்குள் சின்னதாக ஒரு வருத்தம் எட்டிப் பார்த்தால், வாங்க, உக்காருங்க. நீங்களும் நம்ம ஆள்தான்.