பொட்டு வைத்த பெட்டி

கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள் "கவலைப்படாதீங்க" என்று சொன்னால், அந்த நிமிடமே கவலைப்படத் தொடங்கிவிடுங்கள். இதை நான் அடித்துச் சொல்வேன். அந்த ஆளே நான்தான்.

அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிச் சேலைக் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். படித்தது தாவரவியல். கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டது செல்போன் வீடியோக்களில். (பாதி வீடியோவிலேயே எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும், மீதியைப் பார்க்க மாட்டேன்.) திருச்சுழிப் பக்கம் எங்கள் வீட்டில் எல்லோரும் காட்டு வேலைக்குப் போனவர்கள். நான் மட்டும் சர்வர் ரூமில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். 'கொஞ்சம்' என்பது அடக்கத்துக்காகச் சொன்னது.

கம்பெனிக்கு ஒரே சர்வர். அதற்குள் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள், ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு குடித்தனம் மாதிரி. ஒன்றில் ஆட்களின் வருகைப்பதிவு, இன்னொன்றில் சேலை டிசைன்கள். தினமும் சாயங்காலம் இரண்டையும் ஸ்னாப்ஷாட் எடுக்க ஏற்பாடு செய்தேன். அந்த நேரத்தில் குடித்தனம் எப்படி இருக்கிறதோ, அடுப்பில் கொதிக்கிற குழம்பு உட்பட, அப்படியே பதிந்துகொள்ளும். அதன் பிரதி ஒன்று தனியாக ஒரு சேமிப்புப் பெட்டிக்குப் போகும். சர்வருக்கு ஏதாவது ஆனாலும் பெட்டி பிழைக்கவேண்டுமே என்று, அதைத் தள்ளி நூல் அறையில் வைத்தேன். இதுவரை எல்லாமே சரி.

முதலாளிக்கும் விளக்கினேன். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம்.

"ஏம்மா மாரி, சர்வரு செத்துப்போச்சுன்னா?"

"இந்தப் பெட்டியில இருந்து எந்திரிச்சு வந்துரும் அண்ணாச்சி. கவலைப்படாதீங்க."

"அப்ப இது சாமிப் பெட்டின்னு சொல்லு."

அதுவரை அது வெறும் பெட்டியாக, ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. தறி, மோட்டார், ஸ்பானர், அண்ணாச்சியின் பைக் என்று எதையும் விடாமல் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பது கம்பெனி வழக்கம். சாமிப் பெட்டியை மட்டும் விடலாமா? கழற்றிக் கொண்டுவந்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தேன். பெட்டியின் முகப்பில் சின்னதாக ஒரு வட்டக் குழி இருந்தது. பொட்டு வைக்கவென்றே செய்த இடம் போல இருந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். பெட்டிக்கு ஒரு களையே வந்துவிட்டது.

மறுநாள் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து வயர்களைச் செருகினேன். கரண்டு வயர் சரியாக ஏறியது. நெட்வொர்க் வயரை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தவேண்டும். பக்கத்தில் தறிகள் ஓடுகிறபோது எந்த 'டக்' கேட்கும்? இணைப்பு விட்டுப்போனால் எச்சரிக்க அதில் ஒரு சிவப்பு விளக்கும் உண்டு. அது இருந்த இடம், நான் பொட்டு வைத்த அந்த வட்டக் குழி.

பூஜைப் பொட்டை யாராவது துடைப்பார்களா? தானாக உதிர்ந்தால்தான் உண்டு. தினமும் காலையில் போய்ப் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். (எச்சரிக்கையை மெயிலிலும் வரவைக்கலாமாம். அது வீடியோவின் இரண்டாம் பாதியில் இருந்தது.)

பூஜை முடிந்த கையோடு எங்கள் டிசைனர் செல்விக்கு ஒரு வாய்ப்பு வந்தது. அதுவரை யாரோ போட்ட டிசைனுக்குக் கலர் மாற்றுவதுதான் அவள் வேலை. முதல்முறையாகச் சொந்தமாக ஒன்று வரையச் சொன்னார் அண்ணாச்சி. வெடித்த பருத்திக் காய்களை வரிசையாக வைத்து ஒரு பார்டர் வரைந்தாள். அப்படி ஒரு அழகு. எங்களிடம் சேலை எடுக்கிற மதுரைக் கடைக்காரர் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

"அவுகளுக்குப் பிடிச்சிருந்தா இனிமே நீயே வரையி. இல்லன்னா பழையபடி கலரு மாத்து" என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி.

தறியில் ஓட்டிப் பார்த்த முதல் துண்டை என்னிடம் கொண்டுவந்தாள். "ஒரு காயி தலைகீழா விழுந்துருச்சுக்கா. கம்ப்யூட்டர்ல திருத்திட்டேன். இத நீங்க வச்சுக்கங்க."

நூல் அறையில் பஞ்சுத் தூசி பறக்கும். துண்டைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டேன். இப்போது பெட்டிக்குப் பொன்னாடையும் ஆயிற்று.

கடைக்காரர் வருவதற்கு முந்தின நாள் காலை, கரண்டு போவதும் வருவதுமாக விளையாடியது. சர்வர் ஒரு கருகல் வாடையை விட்டுவிட்டு அடங்கியது. செல்விக்கு முகமே வெளிறிவிட்டது.

"கவலைப்படாத செல்வி" என்றேன்.

உபரியாக இருந்த கம்ப்யூட்டரைத் தூக்கிவந்தேன். போர்த்திய துணியைக்கூட விலக்காமல் பெட்டியின் முதுகில் ஒரு ஹார்டு டிஸ்கைச் செருகி, கடைசி ஸ்னாப்ஷாட்டை எடுத்துவந்து அதில் எழுப்பினேன். எல்லோரும் சுற்றி நின்றார்கள். திரை வந்தது. அதில் செல்வியின் குறிப்பு ஒன்று திறந்தபடி இருந்தது: 'நாளைக்குப் பொரி, அவல், கடலை வாங்கணும்.'

"அக்கா, இது ஆயுத பூசைக்கு மொத நா எழுதுனது."

"இருக்காது செல்வி."

"தீவாளியே முடிஞ்சுபோச்சேக்கா!"

வருகைப்பதிவையும் திறந்தேன். பூஜைக்குப் பிறகு ஒரு ஆள்கூட வேலைக்கு வந்ததாக இல்லை. அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"ஏத்தா, ஒருத்தரும் வேலைக்கே வரல போல. நானும் வரல. பொரியாச்சும் மிச்சம் இருக்கா, பாரு." (கைரேகை மெஷினுக்குள் வருகை எல்லாம் பத்திரமாக இருந்தது. யாருக்கும் பாதகமில்லை. செல்விக்குத்தான் போக்கிடம் இல்லை.)

டிசைனைத் தறிக்குக் கொண்டுபோன பென்டிரைவ்? "உபயோகித்தவுடன் அழிக்கவும்! எல்லாம் சர்வரில் உள்ளது!" என்று ஆச்சரியக்குறிகளோடு சுவரில் ஒட்டியிருந்தது நான்தான். நான் சொன்னதில் எல்லோரும் மதித்து நடந்தது அது ஒன்றுதான். தறியிலும் வேறு டிசைன் ஏறிவிட்டது.

செல்வி திட்டவில்லை. நூல் கோன் பெட்டி மேல் உட்கார்ந்து, "பரவால்லக்கா. கலரு மாத்துறது பழகுன வேலதான" என்றாள். அவள் நாலு அறை அறைந்திருந்தால் தேவலை.

பெட்டிக்கு என்னதான் ஆயிற்று என்று நூல் அறைக்குப் போனேன். விரலால் பொட்டைச் சுரண்டினேன். உள்ளே சிவப்பு விளக்கு மின்னி மின்னி எரிந்தது. இத்தனை நாளும் வாசலில் நின்று கூப்பிட்டு, ஒருத்தரும் கதவைத் திறக்காத ஆள் மாதிரி அப்படி ஒரு ஆத்திரம் அதற்கு. எனக்கும் ஆத்திரம். போர்த்திய துணியை வெடுக்கென்று இழுத்தேன்.

கையில் வரிசையாகப் பருத்திக் காய்கள்.

"செல்வீ!" என்று நான் கத்தியது தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டதாம்.

பார்டர் என்பது ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதுதானே. ஒரு வரிசையை மீட்டால் போதும். செல்வி துணிமேல் லென்ஸை வைத்து இழை இழையாகச் சொல்லச் சொல்ல, நான் திரையில் கட்டம் நிரப்பினேன்.

"வெள்ள மூணு, பச்ச ஒண்ணு, திரும்ப வெள்ள... அக்கா, அது பச்ச! முழிச்சுத்தான் இருக்கீகளா?"

திட்டு வாங்கியதும்தான் எனக்கு மூச்சே சீரானது. பொழுது சாய்வதற்குள் முடித்து, மூன்று இடங்களில் பிரதி எடுத்து, தறியில் ஏற்றினோம்.

மறுநாள் மதுரைக்காரர் வந்து ஓடுகிற சேலையைத் தடவிப் பார்த்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஒவ்வொரு வரிசையிலயும் இந்த ஒரு காயி மட்டும் ஏம்மா தலைகீழா இருக்கு?"

அப்போதுதான் உறைத்தது. இருந்ததை இருந்தபடியே எடுத்ததில், அவள் திருத்திய பிழையும் பத்திரமாகத் திரும்பி வந்திருக்கிறது. நான் தறிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

செல்வி கண் சிமிட்டவில்லை. "அது திருஷ்டிக்குண்ணே."

அவர் சிரித்துவிட்டார். "நல்லாருக்கே! அப்படியே இருக்கட்டும்."

இப்போது கம்பெனியின் டிசைன் எல்லாம் செல்வியுடையதுதான். ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு காயோ இலையோ தலைகீழாக இருக்கும். அது என் கைங்கரியம் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆயுத பூஜைக்குப் பெட்டியின் பொட்டு முதுகுப் பக்கம்தான். அண்ணாச்சியே வந்து வைக்கிறார்.

நான் செய்த தப்பு, இந்தக் கதையை வீட்டில் சொன்னது. குழம்பில் உப்பை மறந்தால், "அம்மா இன்னும் ஆயுத பூஜையிலயே நிக்கிறாங்கப்பா" என்கிறாள் மகள். போன மாதம் குடும்பத்தோடு மதுரைக்கு பஸ் ஏறினோம். "வீட்டப் பூட்டுனியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"பூட்டியாச்சு. கவலைப்படாதீங்க" என்றேன்.

மனிதர் அடுத்த ஸ்டாப்பான பாளையம்பட்டியில் இறங்கி வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். கதவு பூட்டித்தான் இருந்ததாம். சாவியும் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்ததாம்.

அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தவர், என் கையில் சாவியை வைத்தார். அதன்மேல் ஒரு பொட்டலம் பொரியையும் வைத்தார்.