பட்டி பார்த்த அம்பாசடர்

கிட்ட வாங்க செல்லங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. ஒரு மகானின் கதை சொல்கிறேன். சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அந்தச் சக்கரத்தை, சுவருக்குப் பூசுகிற பட்டியாலேயே நிற்க வைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் பெயர் எனக்குத் தெரியும். ராஜ்மோகன். கொல்கத்தா, பாலிகஞ்ச், மூன்றாம் மாடி. மனித குலம் அவருக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. மனித குலம் எப்போதுமே அப்படித்தான்.

ராஜ்மோகன் ஒரு பெரிய அரசு நிறுவனத்தில் எஸ்டேட் அதிகாரி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், சொன்னால் உடனே மறுப்பறிக்கை வரும். கார்டன் ரீச்சில் ஆற்றோரமாக இருக்கும் ஊழியர் குடியிருப்பு முழுக்க அவர் பொறுப்பு. எந்த வீட்டில் விரிசல் என்றாலும் நேரில் போவார். இடுப்பில் கை வைத்து, அண்ணாந்து பார்த்து, 'கவனிக்கப்படும்' என்பார். பின்னாலேயே பட்டி மூட்டை வரும். இந்த ஊர்க்காரர்கள் புட்டி என்பார்கள், நமக்குப் பட்டி. விரிசலில் அப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வெள்ளையடித்துவிட்டால் கோப்பில் 'சீர் செய்யப்பட்டது'. உள்ளே அந்த விரிசல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது விரிசலின் அந்தரங்கம். அதில் தலையிட அவர் நாகரிகம் இடம் கொடுக்காது.

இப்படிப்பட்டவருக்கு ஒரு கலை இல்லாமல் இருக்குமா? சின்னச் சின்னக் கார் செய்வார். பிளாஸ்டிக் துண்டுகளாக டப்பாவில் வரும். பிசிறு சீவி, ஒட்டி, வர்ணமடித்தால் ஒரு சாண் நீளத்துக்கு அசல் கார் மாதிரியே நிற்கும். பொறுமைசாலிகளின் வேலை. ராஜ்மோகனுக்குப் பொறுமை உண்டு. அடுத்தவர் விஷயத்தில் அது அளவில்லாமல் உண்டு.

நிறுவனத்தின் சேர்மன் பட்டாபிராமன் ஓய்வு பெற இருந்தார். போகிற போக்கில் யாரை எந்த நாற்காலிக்குச் சிபாரிசு செய்வார் என்பதுதான் ஆபீஸ் முழுக்கப் பேச்சு. அவர் வாங்கிய முதல் கார் ஒரு வெள்ளை அம்பாசடர். அந்தக் காரை நினைத்தாலே அவர் மூக்கை உறிஞ்சுவார். ராஜ்மோகன் முடிவெடுத்துவிட்டார்: நம் ஆயுத பூஜை மாதிரி ஆபீஸில் நடக்கும் விஸ்வகர்மா பூஜையன்று சாமிக்கு முன்னால் ஒரு குட்டி அம்பாசடரை வைத்து சேர்மனை அழவைப்பது.

அம்பாசடர் டப்பா கிடைக்கவில்லை. கிடைத்தது ஏதோ ஒரு வெளிநாட்டுக் கார், ஒல்லியாக, பட்டினி கிடந்தாற்போல. அன்றைக்குத்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. அவர் ஓட்டுகிற காரின் டிக்கியில் குடியிருப்பு வேலையில் மிச்சமான அரை மூட்டை பட்டி இருந்தது. மனைவி விஜயாவின் தோசைத் திருப்பியை எடுத்து, வழித்து வழித்துப் பூசினார். பானெட் உப்பியது. மட்கார்டுக்குக் கன்னம் வந்தது. பின்பக்கம் குடும்பஸ்தனின் தொப்பை மாதிரி இறங்கியது. சக்கரத்துக்கு அச்சுக் கம்பி கோக்க வேண்டிய இடத்திலும் ஒரு உருண்டை பட்டியை வைத்து அழுத்தினார். அடியில் வர்ணமும் அடிக்கவில்லை. அடியை யார் பார்க்கப்போகிறார்கள்?

விஜயா வாசலில் நின்று பார்த்தாள். தமிழ்க் குடும்பங்களுக்குள் போன் போக்குவரத்து உண்டு, அதில் ஒரு சேதி வந்திருந்தது.

"ஏங்க, மாதவி மறுபடி போன் பண்ணினா. கட்டிலுக்கு மேலே கூரையில கம்பி தெரியுதாம், துரு கொட்டுதாம்."

"பானெட்டுல வளைவு வர மாட்டேங்குது விஜயா. இப்பப் போய் கூரையா?"

மாதவி அதே ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பிரிவு. குழந்தை ஹம்சினிக்கு இரண்டு வயது. அந்தக் கூரைக்குக் கீழேதான் தாயும் பிள்ளையும் படுக்கிறார்கள். கீழ்த்தளத்தில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. அதற்கு மாற வேண்டுமென்றால், இப்போதைய வீடு 'வசிக்கத் தகுதியற்றது' என்று ராஜ்மோகன் கையெழுத்துப் போட வேண்டும். மாதவி கேட்டதெல்லாம் அந்த ஒரு கையெழுத்துதான்.

ராஜ்மோகன் கடமை தவறாதவர். முதலில் பட்டி பார்க்கச் சொல்லி ஆளனுப்பிவிட்டு, வெள்ளை காய்ந்த பிறகு தானே போய் அண்ணாந்து பார்த்தார்.

"விரிசலே தெரியலையேம்மா."

"நேத்துதானே சார் உங்க ஆள் வந்து பட்டி போட்டு மூடினாரு."

"அப்போ சரியாயிடுச்சுன்னுதானே அர்த்தம்? சரியான வீட்டை நான் எப்படித் தகுதியில்லைன்னு எழுதுவேன்? பொய்க் கையெழுத்து போடச் சொல்றியா?"

நேர்மை என்றால் இது நேர்மை. மாதவி கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டுப் பார்த்தாள். சின்ன அறை, எங்கே இழுத்தாலும் அதே கூரைதான். பூஜை முடியட்டும், வந்து பேசிக்கொள்ளலாம் என்று ராஜ்மோகன் சொல்லி அனுப்பினார்.

பூஜை நாள் வந்தது. அன்றைக்குப் பட்டம் விடுவது இந்த ஊர் வழக்கம், வானமெல்லாம் பட்டம். ஊழியர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள், மாதவியும் இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தாள். விஸ்வகர்மா சிலையின் யானை வாகனத்துக்குப் பக்கத்தில் வெள்ளை அம்பாசடர் பளபளவென்று நின்றது. பட்டாபிராமன் அதைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார். ராஜ்மோகனுக்கு அந்தச் சத்தம் நாதஸ்வரம் போலக் கேட்டது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பட்டாபிராமன் கும்பகோணத்துக்காரர்.

"எலுமிச்சம்பழம் எங்கேய்யா? பழம் நசுக்காம வண்டியை எடுக்கலாமா?"

வங்காளிப் புரோகிதருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சாஸ்திரத்தில் எலுமிச்சம்பழம் பருப்புக்குப் பிழிவது. கேண்டீனிலிருந்து கந்தராஜ் எலுமிச்சை வந்தது. வாசனைக்குப் பேர்போனது, காரின் சக்கரத்தைவிடப் பெரியது. துண்டு போட்டு நாலு சக்கரத்துக்கும் கீழே வைத்தார்கள். சேர்மனிடம் வேண்டாம் என்று சொல்வதா? ராஜ்மோகன் பணிவாகச் சிரித்தார்.

பட்டாபிராமன் இரண்டு விரலைக் காரின் கூரையில் வைத்து அழுத்தினார்.

பழம் நசுங்கியது. சாறு வர்ணமில்லாத அடிப்பக்கத்தில் ஏறியது. சுண்ணாம்புச் சத்துள்ள பட்டி சும்மா இருக்குமா, உஸ்ஸென்று நுரைத்தது. ஒரு சக்கரம் உருண்டு யானையின் காலில் முட்டியது. இன்னொன்று சேர்மனின் செருப்புக்குள் போனது. பானெட் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. உள்ளேயிருந்து அந்த ஒல்லி வெளிநாட்டுக் கார் எட்டிப் பார்த்தது.

அந்த நேரத்தில்தான் மாதவியின் போன் அடித்தது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள், எல்லாருக்கும் மாஷிமா, வங்க மொழியில் அலறியது அருகில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. மாதவி குழந்தையை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார், எங்க வீட்டுக் கூரை விழுந்துடுச்சு. கட்டில் மேலேயே."

ராஜ்மோகன் தரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சக்கரம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இரும்மா. இங்கே ஒரு விபத்து நடந்திருக்கு."

விபத்து என்றால் விசாரணை வேண்டும். கமிட்டி உட்கார்ந்தது. சமோசா வந்தது. மறைக்காமல் எழுதினார்கள்: 'உள்ளே கம்பி இல்லை. பட்டி பாரம் தாங்கும் பொருள் அல்ல. குறை வெளியே தெரியாதபடி வர்ணம் பூசப்பட்டுள்ளது. இது தெரிந்தே செய்த அலட்சியம்.' இவ்வளவு துணிச்சலான அறிக்கை அந்த ஆபீஸில் அதற்கு முன் வந்ததில்லை. எல்லாம் காரைப் பற்றித்தான். கூரையைப் பற்றி ஒரு வரி இல்லை. அதற்குத்தான் ஏற்கனவே கோப்பில் 'சீர் செய்யப்பட்டது' என்று இருக்கிறதே.

ராஜ்மோகன் தவறை ஏற்று, இரும்புக் கம்பி கோத்துக் காரை மறுபடி கட்டினார். அந்தப் பெருந்தன்மைக்குப் பதவி உயர்வும் வந்தது. புதுக் காரை வைக்க ஈரமில்லாத, உறுதியான கூரையுள்ள இடம் தேடினார்கள். கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடந்த வீடு கிடைத்தது. அவரே ஏணி போட்டு ஏறி, சுத்தியலால் கூரையை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்து, 'பாதுகாப்பானது' என்று கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் அவர் ஏறிய முதல் ஏணி அது.

திறப்பு விழாவுக்கு மாதவியும் வந்தாள். இப்போது அவள் மாஷிமாவின் கூடத்தில் ஒண்டியிருந்தாள். அவள் வீட்டுக்கு ஒரு மூட்டை பட்டி போயிருந்தது.

"சார், ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் காரை எங்க வீட்டுல வச்சிடுங்க. அப்போ எப்படியும் அந்தக் கூரையைக் கம்பி போட்டு நல்லாக் கட்டிடுவீங்க. நானும் குழந்தையும் கார் பக்கத்துல ஒரு ஓரமாப் படுத்துக்கறோம்."

ராஜ்மோகன் உண்மையாகவே யோசித்தார். அவர் முகத்தில் கருணை தெரிந்தது.

"நல்ல யோசனைதாம்மா. ஆனா குழந்தை காரைத் தொட்டுடுமே."

அவ்வளவுதான் கண்ணுகளா. போய்ப் படுங்க. உங்கள் கூரைக்குள் கம்பி இருக்கட்டும், கம்பியில் துரு இல்லாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதற்குக் கீழே அயர்ந்து தூங்கட்டும். அதைச் சரிபார்க்க வருகிறவருக்கு, உங்கள் பிள்ளையின் உயிர் ஒரு பொம்மைக் காரின் விலையாவது பெறட்டும்.