இல்லாத காருக்கு அடித்த துக்கமணி

இயேசு மரி சூசை துணை

வடக்குப்பட்டு,
24-8-1985

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மரியஜோசப் அவர்களுக்கு, மாமனார் இருதயசாமி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தை அற்புதமேரியும் சுகம். சுகம் என்று வழக்கத்துக்காக எழுதுகிறேன். நீங்களும் மகள் கிளாராவும் நிஜமாகவே சுகமாக இருக்க வேண்டுகிறோம். இனி விஷயம். உங்கள் கார் கம்பெனியில் எவனுக்காவது மூளை இருக்கிறதா?

புதுக் கார் செய்தார்களாம், ஓட்டிப் பார்க்கிறார்களாம், அதன் உருவம் வெளியில் தெரியக் கூடாதாம், அதற்காக உச்சி முதல் சக்கரம் வரை கறுப்புத் துணி சுற்றி எங்கள் ஊர் ரோட்டில் விடுகிறார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதம் வரும் வண்டியும் கறுப்புத் துணி போட்டுத்தானே வருகிறது? அது முனை திரும்பியதும் மாதா கோயிலில் துக்கமணி அடிப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அடிக்கிறேன். திங்கட்கிழமையும் அடித்தேன். ஊரே கழனியை விட்டு ஓடி வந்தது, அதற்குள் உங்கள் கார் பறந்துவிட்டது. சீக்காகப் படுத்திருக்கும் ஏசுதாஸ் அண்ணன்தான் போய்விட்டார் என்று யாரோ சைக்கிளில் போய்ச் சொல்ல, மணிமங்கலத்துச் சொந்தங்கள் மாலையோடு வந்து இறங்கிவிட்டார்கள். மனுஷன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "இன்னாய்யா இருதயசாமி, நான் கஞ்சி குடிச்சிக்கினு கீறேன், எனக்கா மணி அடிக்கிறே?" என்கிறார். செவ்வாய்க்கிழமை ஒரு தடவை, புதன்கிழமை இரண்டு தடவை. அடிக்காமல் விட்டு அது நிஜப் பிரேதமாக இருந்துவிட்டால்? நேற்று ஏசுதாஸ் அண்ணனைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "அங்கயாவது உன் மணி இல்லாம தூங்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை நடுரோட்டில் நின்று காரை மறித்தேன். உள்ளே உட்கார்ந்திருந்தவன், "எந்தக் கார் பெரியவரே? அப்படி ஒரு காரே கெடையாது. அப்படித்தான் சொல்லணும்னு எங்களுக்கு ஆர்டர்" என்கிறான். எதற்குள் உட்கார்ந்துகொண்டு சொல்கிறான் பாருங்கள்! பங்குச் சாமியார் கம்பெனிக்குப் போன் போட்டார். அங்கேயும் இதே பதில். நான் குடிக்கிறேன் என்று சாமியார் முடிவே கட்டிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கார் உண்டு என்று கம்பெனிக் கடிதம் காட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் மணிக்கயிறு வேறு ஆள் கைக்குப் போகுமாம். அந்தக் கயிறு போனால் ஊரில் எனக்கு வேறு என்ன மரியாதை இருக்கிறது? எனவே உடனே எழுதி வாங்கி அனுப்பவும். அந்தக் கறுப்புத் துணியைத் தைப்பதே உங்கள் செக்‌ஷன்தான் என்று கிளாரா எழுதியிருந்தாள். மாப்பிள்ளையாயிற்றே என்று பொறுத்துப் போகிறேன். ஆனால் ஒன்று, இனி எந்தக் கறுப்பு வண்டி வந்தாலும் கயிற்றைத் தொட மாட்டேன். சாணி கரைத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.

மாதா உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும். உங்கள் கம்பெனியை என்ன செய்வது என்பதை அவளே பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
மாமனார் இருதயசாமி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் கறுப்பு வண்டி வந்துவிட்டது. மணி அடிக்கவில்லை. சாணிச் சட்டியைக் கண்ணாடி மேலேயே வீசினேன். முன் சீட்டில் சாமியார் இருந்தார். பின்னால் ஏசுதாஸ் அண்ணன். உயிரோடு இருந்த மனுஷனுக்கு நாலு தடவை அடித்தேன், செத்துப் போய் வந்தவருக்கு ஒரு தடவை அடிக்கவில்லை. அழுகையாக வருகிறது மாப்பிள்ளை. கம்பெனிக் கடிதம் இனி வேண்டாம். அந்தக் கறுப்புத் துணியில் என் முகத்தை மூடும் அளவுக்கு ஒரு துண்டு மிச்சம் இருந்தால் அனுப்பி வைக்கவும்.