எட்டு ஜிபி போதும் என்று சொன்ன கடைக்காரர்

ஏலக்காய் வியாபாரி வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. விற்கிறவர் "இது போதும்" என்று சொன்னால், இதைவிட நல்ல சரக்கை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைப்போம். போடிநாயக்கனூரில் எங்கள் கடையில் நான் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே சந்தேகப்படக் கற்றுக்கொண்டேன்.

படிப்பை முடித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்த புதிதில், பில் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவானது. பெட்டி, போர்டு, பிராசசர் எல்லாவற்றையும் சித்தப்பா மதுரையில் வேறு வேறு கடைகளில் வாங்கி வந்துவிட்டார். (யாரையும் நம்பாத குடும்பம் ஒரே கடையில் வாங்குமா?) மெமரி மட்டும் பாக்கி.

"எவ்வளவு போடணும்னு நீயே பாத்து வாங்கிட்டு வா ஆத்தா. இதச் சரியா முடிச்சேன்னா, இந்த வருசம் ஏலத்துக்கு நீதான் போற," என்றார் அப்பா.

ஏலக்கூடத்தில் எங்கள் கடைக்கு ஒரு நாற்காலி உண்டு. பல வருடமாக அதில் சித்தப்பாதான் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். சோறு தண்ணி இறங்காத அளவுக்கு வேண்டும்.

தேனியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் தங்கமான மனிதர். "என்ன சோலிக்கும்மா?" என்று கேட்டார்.

"ஏலக்காய்க் கடைக்குண்ணே. பில் போட."

"அப்ப எட்டு ஜிபி போதும்."

போதுமாம்! என்னிடமேவா? "அண்ணே, உள்ள வச்சிருக்கிறத எடுங்க," என்றேன்.

பதினாறை எடுத்து வைத்தார். நான் லேசாகச் சிரித்தேன். (அப்பாவிடம் கற்ற சிரிப்பு. அதைப் பார்த்தாலே எஸ்டேட்காரர்கள் விலையைக் குறைப்பார்கள்.) முப்பத்திரண்டு வந்தது. "இதுக்கும் உள்ள?" என்றேன். பெருமூச்சோடு உள்ளே போனவர் அறுபத்து நாலு ஜிபியோடு வந்தார்.

"உங்க போர்டு என்ன ரகம்மா? இது அதுக்குப் பொருந்தணும்."

நல்ல சரக்கைக் கொடுக்க மனமில்லாமல் சாக்கு சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம். வெரசாக் கட்டுங்க," என்று தலையாட்டினேன். (எங்கள் வியாபாரத்தில் தலையாட்டிவிட்டால் பேரம் முடிந்தது என்று அர்த்தம்.) பழக்கதோஷத்தில் ஒருமுறை மோந்தும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில், பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சித்தப்பா மெமரியைச் சொருகினார். போகவில்லை. திருப்பிச் சொருகினார். அப்போதும் போகவில்லை. அம்மா கையில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் அமுக்குனா போயிரும்ணே," என்றார் சித்தப்பா.

"டேய், அது சாக்கு மூட்டை இல்லடா. விடு!" என்றார் அப்பா.

தேனிக்குப் போன் போட்டேன். போர்டு பழைய ரகம், மெமரி புது ரகம், ஜென்மத்துக்கும் சேராது என்று தெரிந்தது. "பரவால்லம்மா, கொண்டாங்க. மாத்தித் தர்றேன்," என்றார் அந்தப் புண்ணியவான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்பா போனைப் பிடுங்கினார். "வேணாம் தம்பி. எங்க வீட்டுப் பிள்ள பாத்துத் தலையாட்டின சரக்கு. அதத் திருப்பிக் கொண்டாந்தா, நாளைக்கு மார்க்கெட்டுல எங்க தலையாட்டுக்கு எவன் மதிப்புக் குடுப்பான்?"

ஆகவே மெமரிக்காகப் புது போர்டு வந்தது. போர்டுக்காகப் புது பிராசசர் வந்தது. பொத்தானை வாங்கிவிட்டு அதற்குச் சட்டை தைத்தோம். சித்தப்பா வாங்கியதையும் திருப்பவில்லை (அவரும் தலையாட்டித்தானே வாங்கினார்). அவை சாமி படத்துக்குக் கீழே இன்றும் பத்திரமாக இருக்கின்றன. அறுபத்து நாலு ஜிபியில் எங்கள் பில்லும், மத்தியானத்தில் அப்பாவின் சீட்டாட்டமும் ஓடுகின்றன.

அந்த வருடமும் சித்தப்பாதான் ஏலத்துக்குப் போனார். நான் குடோனில் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அடுத்த வருடம் அப்பாவே கூப்பிட்டு அனுப்பினார். "ஏலத்துக்குப் போறவனுக்குச் சந்தேகம் வேணும். உங்கிட்ட அது மலையளவு இருக்கு. பாதியக் கடையிலயே வச்சிட்டுப் போ ஆத்தா."

நாற்காலி கிடைத்தது, ஆனால் கேலி ஓயவில்லை. அம்மா தோசை வைத்தால் போதும், "மதினி, உள்ள வச்சிருக்கிறத எடுங்க!" என்பார் சித்தப்பா. என்னைப் பெண் பார்க்க வந்த சபையிலும் அவர் விடவில்லை.

"சம்பந்தி, இந்த ஒரு மாப்பிள்ளை போதும்னு மட்டும் சொல்லிராதீக. உள்ள வேற யாரு இருக்கான்னு எங்க பிள்ள கேட்டுப்புடும்!"

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மாப்பிள்ளைதான். நான் உடனே தலையாட்டிவிட்டேன். தலையாட்டின சரக்கை எங்கள் வீட்டில் திருப்பிக் கொடுப்பதில்லை என்று அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.